கருவியை வாங்குமுன்



புதிய கல்வியாண்டு நெருங்கும்போதெல்லாம் நம் பங்குப் பள்ளிகளில் ஒரு பேச்சு எழுகிறது. "அடுத்த ஊர்ப் பள்ளியில் திறன்பலகை வைத்துவிட்டார்கள், நம் பள்ளியில் எப்போது?" என்பதே அது. ஆவல் நல்லதே. ஆயினும் நிலக்கோட்டை வட்டாரத்தில், விடியுமுன் எழுந்து மல்லிகை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் குடும்பங்களின் பணத்தில் வாங்கப்படும் பொருள் அது. ஆகவே ஆசைக்கு முன் ஆராய்ச்சி நடத்தல் வேண்டும்.

இத்தகைய ஆர்வம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1984-ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கியது. ஆனால் ஆசிரியர்கள் பெற்ற பயிற்சி சொற்பம். கணினியில் இருந்த பாடங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. கருவி வந்தது, கற்பித்தல் பெரிதாக மாறவில்லை.

இதற்கு மாறான வழியையும் நாம் கண்டிருக்கிறோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி வகுத்த முறையைத் தழுவியது அது. அதன் கருவி வெறும் அட்டைகளே. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல நிலைகளில் பிள்ளைகள்; மெல்லக் கற்போர் பின்தங்குகின்றனர். இக்குறையை அறிந்த பின்னரே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும்படி அட்டைகள் ஆக்கப்பட்டன. அம்முறையிலும் குறை கண்டோர் உண்டு. எனினும் குறையை முதலில் கண்டு, கருவியைப் பின்னர் தேடிய அந்த ஒழுங்கு நமக்குப் பாடமாகும்.

எனவே, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாம் நான்கு வினாக்களை எழுப்புவோம்.

முதலாவது, எந்தப் பிள்ளையின் எந்த இடர்ப்பாட்டை இக்கருவி நீக்கும்? இதயத்தில் குருதி ஓடும் வகையை விளக்க அசையும் படம் பெரிதும் உதவும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கோ, கதைப் புத்தகமும், அருகே அமர்ந்து கேட்கும் ஆசிரியரும் போதும்.

இரண்டாவது, இதனைக் கையாளப் போகிறவர் யார்? விற்பனையாளர் நடத்திக் காட்டுவதைக் கண்டு மயங்காது, நம் ஆசிரியரே ஒரு பாடத்தை அதில் நடத்தட்டும். அதனைப் பார்த்தபின் முடிவு செய்வோம்.

மூன்றாவது, வாங்கிய பின் ஆகும் செலவு எவ்வளவு? மின்சாரம், இணைய இணைப்பு, மின்கலம், பழுதுபார்ப்பு, ஆண்டுக் கட்டணம் ஆகியவற்றை ஐந்தாண்டுகளுக்குக் கணக்கிடுக.

நான்காவது, பாடம் நம் மொழியிலும் நம் பாடத்திட்டத்திலும் உள்ளதா? தமிழக அரசின் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்டு வரும் விரைவுக் குறியீடுகள் காணொளிப் பாடங்களுக்கு வழிகாட்டுகின்றன. 2023-இல் அரசு வெளியிட்ட 'மணற்கேணி' செயலியும் இலவசமே. இலவசமாகக் கிடைப்பதற்கு ஏழைகளின் பணத்தைச் செலவிடுதல் முறையாகுமா?

2020-இன் கொள்ளை நோய்க் காலத்தை மறந்துவிடலாகாது. வீட்டிற்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றது. அன்று எத்தனையோ பிள்ளைகள் இணைய வகுப்புக்கு வெளியே நின்றனர். வசதி குறைந்த பிள்ளைக்கும் பயன்படுகிறதா என்பதே எக்கருவிக்கும் உரிய அளவுகோல்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. ஆகவே வினவுதல் நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். செயற்கை நுண்ணறிவைக் குறித்துத் திருப்பீடம் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஏடும், ஆசிரியரின் உயிருள்ள உடனிருப்பிற்கு ஈடாக எப்பொறியும் அமையாது என்பதை வலியுறுத்துகிறது.

நம் ஆண்டவர் விதையையும் வலையையும் விளக்கையும் கொண்டு போதித்தார். அவை விலையுயர்ந்தவை அல்ல, கேட்போர் அறிந்தவை. மக்களின் தேவையறிந்து பேசிய அப்பெரும் போதகரை மனத்திற்கொண்டு, நம் பள்ளிக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்வோமாக.