ரிச்சர்ட் ரைட்டை நீக்கியது சரியா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டகம், அதில் வெள்ளை ஒளி நுழைந்து நிறங்களாகப் பிரியும் படம் போட்ட பனியனை எங்காவது பார்த்திருப்பீர்கள். நம் ஒளியியல் பாடப் படம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள், ஆறு நிறம்தான் இருக்கும், கருநீலத்தை விட்டுவிட்டார்கள்! அது பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் 1973 ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ அட்டைப்படம். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ரைட், கீபோர்டு வாசித்தவர். 1979-ல் அவரைக் குழுவைவிட்டு அனுப்பினார்கள். அது தவறு என்பது என் கருத்து. “அந்த நேரத்துல அவர் ஒண்ணுமே பண்ணலையே சார்” என்று இந்தக் குழுவின் ரசிகர்களான என் மாணவர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனில் கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் ரோஜர் வாட்டர்ஸையும் நிக் மேசனையும் சந்தித்தார் ரைட். சிட் பாரெட்டும் சேர்ந்துகொள்ள, 1965-ல் குழு உருவானது. பாரெட் மனநலம் குன்றி 1968-ல் விலகினார்; கிட்டாருக்கு டேவிட் கில்மர் வந்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

1971-ல் வந்த ‘எக்கோஸ்’ ஏறத்தாழ 23 நிமிடப் பாட்டு. அதன் தொடக்கத்தில் ‘டிங்’ என்று ஒரு ஒலி, கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் அனுப்பும் சமிக்ஞை மாதிரி. ரைட் பியானோவில் ஒரே ஒரு கட்டையைத் தட்டி, அதை லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அனுப்பியதுதான் அது. அந்தப் பெட்டிக்குள் ஒரு குழல் சுழன்றுகொண்டே இருக்கும். ஒலி நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்றே ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் ஊதிக்கொண்டு கடந்து போகும் உதாரணத்தை வைத்து உங்களுக்கு நடத்திய அதே டாப்ளர் விளைவு! ஒரு கட்டை, ஒரு சுழலும் பெட்டி. 23 நிமிடப் பாட்டு அதிலிருந்து கிளம்புகிறது. இந்த ஒலியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

‘டார்க் சைட்’ ஆல்பத்திலும் அப்படித்தான். ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டின் மெட்டு, அந்தோனியோனியின் ‘சப்ரிஸ்கி பாயின்ட்’ படத்துக்கு ரைட் வாசித்துக் கொடுத்து, இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கியது. மூன்று வருடம் கழித்து உலகமே கேட்டது. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யும் அவர் இசைதான். அதில் வார்த்தையே இல்லாமல் குரலால் உருகிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. அவர் வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமாகி, அதன்பிறகே ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. ஆக, உழைப்புக்குப் பெயர் கிடைக்காத கதையில் ரைட் எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நின்றார் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு வறட்சி வந்தது. 1977-ல் வந்த ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் அவர் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை. ‘தி வால்’ பதிவின்போது திருமண வாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. வாட்டர்ஸ் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் பெரும்பகுதியை எழுதியவர் அவர். குழுவுக்குக் கடும் பணமுடை. வேலையை முடிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு வரச் சொன்னதற்கு ரைட் மறுத்தார். அவர் விலகாவிட்டால் ஆல்பமே வெளிவராது என்ற நிலைக்கு வாட்டர்ஸ் போனார். ரைட் சண்டை போடவில்லை, போய்விட்டார். அதுவும் அவர் தப்புதான். வாயைத் திறந்திருக்க வேண்டும்.

போனவரையே 1980–81 மேடைகளுக்குச் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள்! பிரமாண்டச் சுவர் கட்டி இடித்த அந்த நிகழ்ச்சிகளில் பங்குதாரர்கள் மூவருக்கும் நஷ்டம். காசு பார்த்தது கூலிக்கு வாசித்த ரைட் ஒருவர்தான். படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும் எனக்கு.

உங்களில் பலர் இன்று மேலாளர்கள். வருடா வருடம் உட்கார்ந்து பத்துப் பேருக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், ஓரிருவரை அனுப்பவும் செய்கிறீர்கள். ஒரு மனிதனின் மோசமான இரண்டு வருடத்தை மட்டும் எடுத்து, அவன் போட்ட அஸ்திவாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுப்பதை நான் ஏற்க மாட்டேன். கஷ்டத்தில் இருப்பவனுக்கு ஆறு மாதம் விடுப்புக் கொடுக்கலாமே? அந்தக் குழுவுக்கு அந்த வழி தோன்றவே இல்லை. ரைட் இல்லாமல் 1983-ல் வந்த ‘தி ஃபைனல் கட்’டைக் கேளுங்கள். வார்த்தைகள் கூர்மையாக இருக்கின்றன. மூச்சு விட இடமில்லை.

வாட்டர்ஸ் போனபின் 1987-ல் ரைட் திரும்பினார், அப்போதும் சம்பளத்துக்குத்தான். 1994 ‘தி டிவிஷன் பெல்’லில்தான் மறுபடி முழு உறுப்பினர். 2005 ஜூலை 2 அன்று லைவ் 8 மேடையில், லண்டன் ஹைட் பூங்காவில், வாட்டர்ஸும் அவரும் ஒன்றாக வாசித்தார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று புற்றுநோயில் காலமானார். வயது 65.

1971-ல் இத்தாலியின் பாம்பெய் இடிபாடுகளில், பார்வையாளர்களே இல்லாமல் ‘எக்கோஸ்’ வாசித்துப் படமாக்கினார்கள். 2016-ல் கில்மர் அதே இடத்தில் இரண்டு நாள் கச்சேரி செய்தார். ரைட்டின் ‘கிரேட் கிக்’கை வாசித்தார். ‘எக்கோஸ்’ வாசிக்கவில்லை. ரைட் இல்லாமல் அதை வாசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாட்டின் முதல் ஒரு நிமிடத்தையாவது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, என்னோடு உடன்படாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.