போர்மட் அடிக்க முதல் வாசியுங்கோ

மன்னாரில ஒரு கணினி சொல்வழி கேக்காவிட்டால் முதலில வாற ஆலோசனை ஒண்டுதான்: “போர்மட் அடிச்சு விடுங்கோ.” மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற இந்த வைத்தியத்தை நாங்கள் எதிர்க்கிறோம்.

பேசாலை, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் ஊர்களில் மூத்தவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, ஒரு பழைய லினக்ஸ் சேர்வரில் சேர்த்து வைத்திருக்கிறோம். மற்றக் கணினிகள் என்.எஃப்.எஸ். வழியாக அந்த ஃபோல்டரைத் தங்கட சொந்த ஃபோல்டர் மாதிரி இணைத்துத் திறக்கும். மவுண்ட் பண்ணுவது எண்டால் இதுதான். ஒரு கணினியில் மட்டும் கேர்னலைப் புதுப்பித்தோம். றீஸ்டார்ட் பண்ணினால் மவுண்ட் ஆகவில்லை. “சேர்வர் டிஸ்க் செத்துப்போச்சு தம்பி, ரெண்டையும் போர்மட் அடிப்பம்” என்றார் உதவிக்கு வந்த அண்ணை. அந்தப் பதிவுகளில் பேசிய சிலர் இப்போது உயிரோடு இல்லை.

மறித்தோம். மூன்று கேள்வி கேட்டோம்.

புதுப்பிக்காத கணினியில் ஃபோல்டர் திறக்குதா? திறந்தது. அப்ப சேர்வரும் டிஸ்க்கும் நலம்.

பழைய கேர்னலில் தொடங்கினால்? பெரும்பாலான லினக்ஸ்கள் முந்தின கேர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். க்ரப் மெனுவில் தெரிவு செய்யலாம். செய்தோம், மவுண்ட் ஆனது. அப்ப மாறினது கேர்னல் மட்டும்தான்.

புதிய கேர்னல் என்ன சொல்லுது? அதன் லாக்கைத் திறந்தோம். யூ.டி.பி.யை ஆதரிக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தது.

எஃப்.எஸ்.டேப் ஃபைலில் எப்பவோ யாரோ எழுதின மவுண்ட் வரியில் யூ.டி.பி. என்றிருந்தது. டி.சி.பி. என்று மாற்றினோம். மூன்றே எழுத்து. எல்லாம் திறந்தது.

2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல், என்.எஃப்.எஸ்.இல் யூ.டி.பி. இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. காரணம் உண்டு. பெரிய பொதிகள் துண்டுகளாகப் போகும்போது அவற்றுக்கு இடக்கூடிய அடையாள எண்கள் 65,536 மட்டும். வேகமான நெட்வேர்க்கில் அந்த எண்கள் சட்டெனத் திரும்ப வந்து, ஒரு பொதியின் துண்டு இன்னொன்றில் ஒட்டி, ஃபைல் சத்தமில்லாமல் பழுதாகலாம். நாங்கள் திட்டின கேர்னல் எங்கட பதிவுகளைத்தான் காப்பாற்றியது.

“அப்டேட்டே பண்ணாதேங்கோ” என்பதும் பதில் இல்லை. பழைய கேர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளோடு எத்தனை காலம் இருப்பது?

“நாங்கள் கலைப்பீடம், எங்களுக்கு ஏன் இது?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. சங்கப் பாட்டுக்குப் பதவுரை எழுதுகிற எங்களுக்கு, ஒரு வரிப் பிழைச் செய்தியை வாசிக்க ஏலாதா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அதே நாங்கள்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் டிஸ்க்கை அழிக்கத் தலையாட்டுகிறோம். பதிவுகளுக்கு இரண்டாவது பிரதி எடுக்காமல் இருந்ததும், அந்த மவுண்ட் வரி ஏன் எழுதப்பட்டது என்று எங்கேயும் குறிக்காமல் விட்டதும் எங்கட பிழை. இப்போது பிரதி இருக்கு. சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் இருக்கு, தமிழில.

உங்கட சேர்வருக்குப் பக்கத்தில என்ன இருக்கு?