இல்லாததைச் சொல்லி விற்கும் தானியம்

ஏற்காட்டுக்கு இலக்கியச் சந்திப்பு நடத்தப் போனவர்கள் லசானியாவைப் பற்றியா எழுதுவது என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆம், அதைப் பற்றித்தான். குறுநாவலின் வடிவம் குறித்து இரண்டு நாள் பேசியும் எங்களுக்குள் மூளாத சண்டை, இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் மூண்டது.

எங்களோடு வந்திருந்த ஒரு குடும்பத்தின் பத்து வயதுச் சிறுமிக்குச் சீலியாக் நோய். கோதுமைப் பண்டம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் அவளது உடல் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். விடுதியின் (பெயர் வேண்டாம்) உணவுப் பட்டியலில் ‘குளூட்டன் ஃப்ரீ லைட் லசானியா’ என்று கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. விசாரித்தபோது, லசானியாவின் தகடுகள் மட்டும் வெளிநாட்டு டப்பாவிலிருந்து வந்தவை, இடையில் ஊற்றும் வெள்ளை சாஸ் வழக்கம்போல் வெண்ணெயில் மைதாவை வறுத்துக் கிண்டியது என்று தெரிந்தது. “கொஞ்சம்தானே சார்” என்றார் பரிமாறியவர். சிறுமி தயிர்சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எங்களில் ஒரு சாரார் ஆரம்பித்தார்கள். லசானியாவை யார் கேட்டது, நம் முன்னோரின் சிறுதானியம் இருக்கையில் இந்த மேற்கத்திய மோகம் எதற்கு, குளூட்டன் என்பதே நேற்று வந்த வியாபாரச் சொல் என்று. இந்தப் பேச்சை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம். விடுதியின் பட்டியலையும் விட்டுவிடப் போவதில்லை.

குளூட்டன் வியாபாரச் சொல் அன்று. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்து ரொட்டி அரிதானபோது சில குழந்தைகளின் உடல்நிலை தேறியதையும், ரொட்டி திரும்பியதும் அவர்கள் மறுபடி நலிந்ததையும் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். கோதுமையே காரணம் என்பது அவருடைய ஆய்வால் நிலைபெற்றது. அந்தக் குழந்தைகளின் துன்பத்திலிருந்து பிறந்த அறிவை ‘மோகம்’ என்று சொல்ல எங்களுக்கு நா கூசுகிறது. இந்தியச் சட்டப்படி ஓர் உணவைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ‘கொஞ்சம்தானே’ என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆனால் அதே சொல்லை, எந்த நோயும் இல்லாதவர்களுக்கு மெலிவதற்கான மந்திரமாக விற்கிறார்களே, அதுதான் மோசடி. குளூட்டனை நீக்கிவிட்டால் உணவு ‘லைட்’ ஆகிவிடுமா? லசானியாவைக் கனமாக்குவது வெண்ணெயும் சீஸும் இறைச்சிக் கொழுப்பும். டப்பாவில் வரும் தகடுகளோ பெரும்பாலும் அரிசி மாவும் சோள மாவும்தான். அரிசி தின்று வளர்ந்த நாட்டுக்கு அரிசியையே கப்பலேற்றி அனுப்பி, அதில் என்ன இல்லை என்று அச்சடித்துக் காசு வாங்குகிறார்கள்!

இனி நம் பழம்பெருமைக்காரர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நண்பருக்கு (மேடையில் ஒப்பித்தும் காட்டினார்) சாமைக்கும் வரகுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தினைப்புனம் காத்த தலைவியைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தத் தினையை இடித்தவள் யார் என்று எழுதினோமா?

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்து இங்கும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறிய அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள்) சாமையும் கேழ்வரகும் விதைத்து உண்டு வந்தவர்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்குக் காபி வந்தது. தோட்டங்கள் பெருகின. புனம் சுருங்கியது. பிறகு நியாயவிலைக் கடையின் அரிசி. பக்கத்துக் கொல்லிமலையிலோ சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி சாமையின் இடத்தைப் பிடித்தது.

ஆயினும் சாமையைத் துரத்தியது வெள்ளைக்காரனும் ஆலையும் மட்டுமே என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். சாமையின் உமியை நீக்குவது எளிதன்று. மணி சிறியது, உமி இறுகப் பிடித்திருப்பது. ஒரு வேளைக் கஞ்சிக்காக உரலில் இடித்து, புடைத்து, மறுபடி இடித்துத் தோள் வலித்தவர்கள் பெண்கள். தீட்டிய அரிசி கடையில் கிடைத்ததும் அவர்கள் உலக்கையைச் சுவரில் சாத்தியதை ‘பாரம்பரியத்தை மறந்தார்கள்’ என்று ஒரு பதிவில் வாசித்தோம். எழுதியவர் ஒரு நாள் இடித்துப் பார்த்திருக்க மாட்டார். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய மீட்பில் இறங்கியபோது உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது இதனால்தான்.

அந்நிய உணவு என்ற வாதமும் நிற்காது. காபி, தக்காளி, மிளகாய், உருளை, மரவள்ளி, சௌசௌ எல்லாம் வந்தேறிகள். எல்லாவற்றையும் விலக்கினால் ஏற்காட்டுச் சந்தையில் என்ன மிஞ்சும்? பத்து வயதுக் குழந்தை, தன் தோழிகள் சாப்பிடும் ஒன்றைத் தானும் சாப்பிட ஆசைப்படுகிறது. அதன் முன் சங்க இலக்கியத்தை நீட்டுவது கொடுமை.

ஆகவே செய்து பார்த்தோம். அடுத்த மாதம், சேலத்தில், அந்தக் குடும்பத்தின் சமையலறையிலேயே, இரவுச் சாப்பாட்டுக்கு. சாமையைக் கழுவி உலர்த்தி அவர்கள் வீட்டு மிக்சியில் அரைத்தோம். தெருமுனை மாவு மில்லில் கோதுமைக்குப் பின்னால் அரைத்தால் சாமையின் குணம் அங்கேயே கெட்டது. சாமை மாவும் பச்சரிசி மாவும் சம அளவு. கோதுமை மாவை இழுபடச் செய்வது குளூட்டன். அது இல்லாத மாவைச் சேர்த்துப் பிடிக்க நம் வீட்டுப் பெண்கள் கண்ட வழி கொதிநீர். வெந்நீரில் மாவுச்சத்து உப்பிப் பசையாகிறது. கொழுக்கட்டையும் இடியாப்பமும் நிற்பது அதில்தான். கொதிக்கும் உப்புநீரில் மாவைக் கொட்டிக் கிளறி, வாழையிலையில் மெல்லிதாகத் தட்டி, ஆவியில் வேகவைத்தோம். தகடு தயார். முதல் இரண்டும் கிழிந்தன. வெள்ளை சாஸுக்குப் பாலில் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி மலை மிளகைத் தட்டிப் போட்டோம், வெண்ணெய் தேவைப்படவில்லை. இடையடுக்குகளில் தக்காளி மசியல், சௌசௌச் சீவல், கீரை, உதிர்த்த பனீர். மேலே மட்டும் கொஞ்சம் சீஸ். பெருங்காயம் போடப் போன நண்பரின் கையைச் சிறுமியின் தாய் பிடித்துக்கொண்டார்: கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கேழ்வரகுச் சேமியாவிலும் அப்படியே. குளூட்டனை வியாபாரச் சொல் என்றவர் இதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை.

சாமைக்காக ஏற்காட்டில் அலைந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கடைகளில் இருந்தவை வெளியூர்ப் பொட்டலங்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசியில் கொல்லிமலைச் சாமை. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்றது. அதே ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். அதில் சேலம் இல்லை, சாமையும் இல்லை. மலைக்கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரம், விளைந்த சாமைக்கு அரசுக் கொள்முதல், அந்தச் சாமை அதே மலையின் நியாயவிலைக் கடையில்: இவற்றைக் கேட்டு யாராவது மனு எழுதினால் கையெழுத்திட நாங்கள் பதினொரு பேர் இருக்கிறோம். ‘பாரம்பரிய உணவுத் திருவிழா’வுக்கு அழைத்தால் வர மாட்டோம்.

லசானியாவில் உப்பு குறைவு என்பது சிறுமியின் தீர்ப்பு. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.