கம்பத்தில் ஏறாதே, தோழா!



ஐப்பசி பிறக்கப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கிறது. கடலூர்க்காரர்களுக்கும் டெல்டாக்காரர்களுக்கும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 தானே, 2018 நவம்பர் 16 கஜா, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயலை வைத்தே வருஷத்தை எண்ணுகிறவர்கள் அவர்கள். "இது கஜாவுக்கு முன்னாடி கட்டின வீடு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

புயல் அடித்தால் நம் ஆட்கள் அரிசி மூட்டையோடும் தார்ப்பாயோடும் முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இந்த முறை பேச வேண்டியது வேறு ஒன்று. தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் அந்த ஒற்றை சர்வீஸ் ஒயர்.

கஜாவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்துக்குக் கணக்கு உண்டு, சட்டமன்றத்தில் அறிக்கை உண்டு. ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் நாலு வீட்டுக்கு, ஆறு வீட்டுக்குப் போன ஒயர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? தென்னை மட்டை விழுந்து அறுந்தது, ஓட்டுக் கூரையோடு பிய்ந்து போனது, சுவரில் நட்ட பைப்போடு வளைந்து தொங்கியது என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை. ஊருக்குக் கரண்ட் வந்த பிறகும் இருட்டிலேயே கிடந்த வீடுகள் எல்லாம் இந்த ஒயர் போன வீடுகள்தான். பெரும்பாலும் காலனி வீடுகள், குடிசைகள், வயலுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் வீடுகள்.

அந்த நாட்களில் நம் இளைஞர்கள் செய்தது கொஞ்சமா? லாரி போக முடியாத சேற்றுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். கேரளத்திலிருந்து உதவிக்கு வந்த மின் ஊழியர்களைத் தங்க வைத்துச் சோறு போட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. குழி வெட்டலாம், கம்பம் தூக்கலாம், சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தலாம், அதுவும் லைனில் சப்ளை இல்லை என்று லைன்மேன் சொன்ன பிறகு. ஆனால் "லைன்மேன் எப்ப வர்றது, நாமளே கொக்கியைப் போட்டுருவோம்" என்று ஏணியைச் சாத்துகிறார்களே, அதைத்தான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறோம். ஃபோட்டோ எடுத்து இங்கே அனுப்பவும் வேண்டாம். போட மாட்டோம்.

கரண்ட் இல்லை என்பதால் கம்பியில் கரண்ட் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஊர் முழுக்க இருட்டாக இருக்கும். சப்-ஸ்டேஷனில் சோதனைக்காக ஒரு நிமிஷம் லைனை ஏற்றிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் போதும்.

அதைவிட மோசமானது ஜெனரேட்டர். கஜாவுக்குப் பிறகு ஊருக்கு ஊர் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துத் தண்ணீர் ஏற்றினோம், செல்போன் சார்ஜ் போட்டோம். சிலர் அதை நேராக வீட்டு பிளக்கில் சொருகி வீடு முழுக்க லைட் எரிய வைப்பார்கள். மெயினை அணைக்காமல் அப்படிச் செய்தால் அந்தக் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகப் பின்னோக்கி ஓடும். தெரு டிரான்ஸ்பார்மர் வழக்கமாக 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிறது அல்லவா? பின்னாலிருந்து 230 வோல்ட் போனால் அதே டிரான்ஸ்பார்மர் அதைப் பெருக்கி மேல் லைனில் ஏற்றிவிடும். அங்கே இரண்டு தெரு தள்ளி, "லைன் ஆஃப்தான்" என்று நம்பி ஒருவர் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஜெனரேட்டர் வைத்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வையுங்கள். அது இல்லையா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஃபேனையும் போனையும் மட்டும் ஓட்டுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். புகையிலேயே உயிர் போகும்.

சரி, காலையில் எழுந்து பார்க்கிறீர்கள், உங்கள் வீட்டு ஒயர் அறுந்து வாசலில் கிடக்கிறது. என்ன செய்வது?

கிட்டே போகாதீர்கள். 30 அடிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் தள்ளி நிறுத்துங்கள். தரை ஈரமாக இருந்தால் கம்பியைத் தொடாமலே ஷாக் அடிக்கும், ஏனென்றால் மண்ணிலேயே கரண்ட் பரவியிருக்கும். தெரியாமல் கிட்டே போய்விட்டால் ஓடாதீர்கள், காலை அகட்டி வைக்காதீர்கள். பாதம் தரையை விட்டு எழாமல் உரசி உரசி, குட்டிக் குட்டி அடியாகப் பின்வாங்குங்கள். "காய்ஞ்ச குச்சியால தள்ளிடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். புயல் மழையில் காய்ந்த குச்சி எங்கே இருக்கிறது?

மெயின் சுவிட்ச் இருக்கும் சுவர் காய்ந்திருந்து, கீழே தண்ணீர் நிற்காமல் இருந்தால் மட்டும் அணையுங்கள். ஈரமாக இருந்தால் அதையும் தொடாதீர்கள். பிறகு உங்கள் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் மின்னகம் 94987 94987. சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ரெண்டாவது தெரு, மாரியம்மன் கோயில் பக்கம்" என்று சொன்னால் எந்த ஊர் மாரியம்மன் என்றுதான் கேட்பார்கள்.

அறுந்து விழாத ஒயரும் ஆபத்துதான். ஒயரைத் தாங்கி வரும் ஜிஐ கம்பியில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். அந்தக் கம்பி போய்க் கட்டியிருப்பது வீட்டு இரும்பு பைப்பில். அதே பைப்பில்தான் நாம் துணிக் கொடியும் கட்டுவோம்! ஈரச் சேலையைக் காயப்போடப் போய் உயிரை விட்ட பெண்களைப் பற்றி ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தி படிக்கிறோம். இன்றைக்கே அந்தக் கொடியை அவிழ்த்து வேறு இடத்தில் நைலான் கயிறாகக் கட்டுங்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கரண்ட் வந்ததும் ஒரு ரூமில் பல்பு பளீரென்று கண்ணைப் பறிக்கிறது, இன்னொரு ரூமில் மங்கலாக அழுகிறது என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று பொருள். த்ரீ பேஸ் வீடுகளில் இது அதிகம். உடனே மெயினை அணையுங்கள். டிவியும் பிரிட்ஜும் போவது இப்படித்தான். ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இருந்தால் நல்லது, கட்டாயம் போடுங்கள். ஆனால் அது காப்பது தனக்குப் பின்னால் இருக்கும் வயரிங்கை மட்டும்தான். வெளியே தொங்கும் சர்வீஸ் ஒயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது பணம். ஊர் ஊராக நாம் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஸ்டோர்ல ஒயர் இல்லைங்க, நீங்க வாங்கிக் குடுத்தா கட்டிடலாம்." நூறு நாள் வேலைச் சம்பளத்தில் வாழும் ஒரு அம்மா, கூரையும் போன நிலையில், ஒயருக்கு எங்கே போவார்? மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வயரிங் நம் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறோம். அதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்ய வேண்டியது நாம்தான். ஆனால் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் லைன், இணைப்பு வாங்கும்போது நாமே காசு கட்டியிருந்தாலும், மின் நிறுவனத்தின் சொத்து. பராமரிப்பதும் அதன் வேலை. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லையா, மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டும் 2003 மின்சாரச் சட்டம் கொடுத்த உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்லை. கிளைச் செயலாளர்கள் இதற்கு மனு எழுதிக் கொடுப்பதைக் கட்சி வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

லைன்மேனைத் திட்டுவது சுலபம். நாலு நாள் தூங்காத மனிதர், பல இடங்களில் கையுறைகூட ஒழுங்காக இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி, அவர் சட்டையைப் பிடித்து "எங்க தெருவுக்கு முதல்ல போடு" என்று நம் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. அவசரப்படுத்தி ஏற்றிய லைன் யார் தலையில் விழும் என்று தெரியாது. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், பிறகு தெரு என்று ஒரு வரிசை வைத்து அவர்கள் வேலை செய்யட்டும்.

கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. களப்பணியாளர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாக இருப்பது ஏன்? புயல் வழியில் இருக்கும் கடலோர மாவட்டங்களில் புதைவடம் இன்னும் முக்கால்வாசி பேச்சாகவே கிடப்பது ஏன்? புயல் பாதித்த வீடுகளுக்கு சர்வீஸ் ஒயரையும் பைப்பையும் இலவசமாகக் கொடு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஹெல்மெட்டும் கையுறையும் இடுப்பு பெல்ட்டும் கொடு, இறந்தால் நிரந்தர ஊழியருக்குக் கொடுப்பதையே அவர் குடும்பத்துக்கும் கொடு. இதைக் கேட்டு ஒவ்வொரு செயற்பொறியாளர் அலுவலகத்திலும் மனு கொடுப்போம். மழைக்கு முன்னால் கொடுப்போம். மழை வந்த பிறகு கொடுத்தால் அவர்கள் வேலையைக் கெடுத்ததாகத்தான் ஆகும்.

இந்த வாரம் கிளைகள் செய்ய வேண்டியது: உங்கள் தெருவில் ஒயர் மேல் சாய்ந்திருக்கும் மரக்கிளை, தாழ்ந்து தொங்கும் ஒயர், துருப்பிடித்த பைப், பள்ளிக்கூடத்துப் பக்கம் சாய்ந்த கம்பம் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து, கம்பத்து எண்ணோடு பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். கிளை வெட்டுவதென்றால் சப்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் வெட்டுங்கள். தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டு சர்வீஸ் நம்பரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மின்னகம் நம்பரையும் 108ஐயும் சேர்த்து, கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.