கேட்காமலே எண்ணிய 296

296.

இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க தோழர்களே.

2019 டிசம்பரில் அன்றைய ஒன்றிய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் நாடாளுமன்றத்தில் சொன்ன நம்பர் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க ஆங்கிலோ இந்தியர்கள் மொத்தமே 296 பேராம்! மக்களவையில் அவர்களுக்கு இருந்த 2 நியமன இடங்களையும், மாநிலச் சட்டமன்றங்களில் இருந்த நியமன இடங்களையும் நீட்டிக்காமல் விட்டார்கள். 104வது அரசியலமைப்புத் திருத்தம், 2020 ஜனவரி 25 முதல் அமல்.

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இப்போ 234 பேர்னு சொல்றோம்ல? 2016ல் அமைந்த சட்டமன்றம் வரை அது 235. அந்த ஒரு நாற்காலிதான் காணாமப் போச்சு.

சரி, 296 எங்கிருந்து வந்துச்சு? 2011 கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துப் பாருங்க. மதம் கேட்டாங்க. தாய்மொழி கேட்டாங்க. எஸ்.சி., எஸ்.டி.யா என்று கேட்டாங்க. "நீங்க ஆங்கிலோ இந்தியரா?" என்று ஒரு கேள்வி கூட இல்லை! டேட்டாபேஸ்ல அந்த காலமே இல்ல, ஆனா கவுன்ட் மட்டும் வருதுன்னா, இன்ஜினியரிங் முதல் வருஷப் பையன் கூட சிரிப்பான். அந்த நம்பரை வச்சு ஒரு சமூகத்தோட அரசியல் குரலையே முடிச்சு வச்சிருக்காங்க.

பெரம்பூர், புனித தோமையார் மலை, அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, போத்தனூர்... இந்த ஊர்ப் பெயர்களை வரிசையா படிச்சா ரயில்வே மேப் மாதிரி இருக்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த ஊர்கள் இவை. நம்ம ஊர் ரயிலை ஓட்டினவங்க, தந்தி அடிச்சவங்க, நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க.

"அவங்க வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனவங்கதானே?" என்று கமெண்ட்ல வருவாங்க, தெரியும். அவங்களுக்கு வரலாறு கொஞ்சம்.

1687. கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்குக் கடிதம் எழுதுறாங்க: நம் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்யட்டும், பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள். அன்றைக்கு ஆள் தேவைப்பட்டது. நூறு வருஷம் கழிச்சு அதே கம்பெனி, அதே குழந்தைகளின் வாரிசுகளைப் பார்த்து பயந்தது. 1791ல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் உயர் பதவிகள் கிடையாது என்று கதவைச் சாத்தினான். 1795ல் ராணுவத்தில் குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், அவ்வளவுதான் என்றான். இதுக்குப் பேர் செல்லப் பிள்ளையா?

இன்னொன்று. சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தியாகிகளுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப 1945ல் நேதாஜி யாரிடம் பொறுப்பைக் கொடுத்தார் தெரியுமா? சிரில் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம். திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை இடித்துத் தள்ளியது. அவருடைய சகோதரர் எரிக் ஸ்ட்ரேசி நம் தமிழ்நாடு காவல்துறையின் உச்சப் பதவி வரை வந்தவர். ஹாக்கியில் 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய லெஸ்லி கிளாடியஸும் ஆங்கிலோ இந்தியர்தான். தேசபக்தி சர்டிபிகேட் கொடுக்கிறவர்கள் இவங்களுக்கும் ஒன்று கொடுப்பார்களா?

நாமும் யோக்கியம் இல்லை. "சட்டைக்காரன், சட்டைக்காரி" என்று கூப்பிட்டது நம்ம தெருதான். ஃப்ராக் போட்ட பெண்ணைக் கேலிப் பொருளாகவும், வீட்டு ஆண்களைக் குடிகாரர்களாகவும் காட்டியது நம்ம சினிமாதான். வெள்ளைக்காரன் "நீ கறுப்பு" என்றான், நாம "நீ வெள்ளை" என்றோம். நடுவுல நின்னவங்க எங்கே போவாங்க? ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். போகாமல் இதுதான் என் ஊர் என்று தங்கினவர்களைத்தான் இப்போ 296 என்கிறார்கள்.

நியமன இடம் எதுக்கு வந்தது? தயவு பண்ணி யாரும் கொடுக்கவில்லை. ஊர் ஊராகச் சிதறி வாழும் சமூகம் எந்தத் தொகுதியிலும் ஓட்டு எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாது. அதனால்தான் ஃபிராங்க் ஆண்டனி போன்றவர்கள் அரசியல் நிர்ணய சபையில் வாதாடி வாங்கினார்கள். அந்தக் காரணம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கு.

நியமனத்தில் ஆளுங்கட்சி அரசியல் இருந்தது என்றால், முறையைத் திருத்துங்க. நாற்காலியையே ஏன் தூக்கணும்?

தந்திரத்தையும் பாருங்க. எஸ்.சி., எஸ்.டி. தனித்தொகுதிகளை 2030 வரை நீட்டிக்கும் அதே மசோதாவில்தான் இதைச் செய்தார்கள். தனித்தொகுதி நீட்டிப்பு நியாயம், அதில் நமக்கு மறுபேச்சு இல்லை. ஆனா இதை எதிர்த்து ஓட்டுப் போட்டால் அதையும் எதிர்த்த மாதிரி ஆகும். எப்படி முடிச்சுப் போட்டிருக்காங்க பாத்தீங்களா?

ரத்தச் சுத்தம் பேசுகிற அரசியலுக்கு, இரண்டு ரத்தம் கலந்த மனிதன் எப்போதும் உறுத்தலாகத்தான் இருப்பான். கலப்பு என்ற சொல்லையே வசவாக மாற்றியவர்கள் அவர்கள். நமக்கு பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்!

நம் கோரிக்கை இரண்டுதான்:

👉 2027 கணக்கெடுப்பில் சாதிவாரியாகக் கேட்கப் போறீங்களே, ஆங்கிலோ இந்தியர் என்ற பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கணும். கேளுங்க, அப்புறம் எண்ணுங்க.

👉 உண்மையான எண்ணிக்கை வந்ததும், பறித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம் வேண்டும்.

உங்க தெருவில், உங்க ஸ்கூல் பேட்ச்சில் ஒரு ஆங்கிலோ இந்திய நண்பர் இருந்தால் இந்தப் பதிவில் டேக் பண்ணுங்க. 296 எவ்வளவு பெரிய பொய் என்று கமெண்ட் பாக்ஸே சொல்லட்டும்.

#கேட்டுவிட்டு_எண்ணுங்கள்