‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று பொய் சொல்லாத பையன் எங்கே கிடைப்பான்?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஏ.சி. சர்வீஸ் கடைகளில் போன் ஓயாது. ‘நேத்தே வர்றேன்னீங்களே?’ என்று ஒருவர், ‘குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கல சார்’ என்று இன்னொருவர். கடை முதலாளிக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் யாராவது ஒரு பையன் டூல்ஸ் பையோடு வந்து, ‘ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்குண்ணே’ என்றால் போதும். ‘நாளைக்கே வந்துடு தம்பி’ என்று சொல்லிவிடுவார். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

நாலு பேர் வேலை செய்கிற கடையில் ஒருவர் தப்பாக அமைந்தால் கால்வாசிக் கடை தப்பாகிவிடும். அதுவும் இது வீட்டுக்குள், படுக்கையறை வரை போய்ச் செய்கிற வேலை. பகலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் வயதானவர்கள், இல்லையென்றால் தனியாக இருக்கும் பெண்கள். அவர்களுக்கு முதலாளி யார் என்றே தெரியாது. வாசலில் வந்து நிற்கிற பையன்தான் அவர்களுக்குக் கடை.

சீஸனில் ஆள் தேடினால் நல்ல ஆள் கிடைக்க மாட்டார். கையில் வேலை உள்ளவர்களை அதற்குள் யாராவது வைத்துக்கொண்டிருப்பார்கள். விவரமான முதலாளிகள் கார்த்திகை, மார்கழியிலேயே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசவும் சோதித்துப் பார்க்கவும் அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

எங்கே தேடுவது? முதலில் கேட்க வேண்டியது ஊரில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். கவுன்டரில் நிற்பவருக்கு ஊரில் உள்ள அத்தனை மெக்கானிக்கையும் தெரியும். யார் தரமான காப்பர் பைப் கேட்கிறார், யார் ‘இருக்கிறதுலயே சீப்பா குடுங்க’ என்கிறார், யார் கடனைச் சொன்ன தேதியில் கொடுக்கிறார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பழைய முதலாளி தரும் நற்சான்றிதழைவிட இவர் வாயில் வரும் ஒரு வார்த்தை கனமானது.

அடுத்தது பக்கத்து ஊர் ஐ.டி.ஐ. அங்கே ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர்கண்டிஷனிங் இரண்டு வருடப் படிப்பு. பிரின்ஸிபாலைவிட ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைப் பார்த்துப் பேசுவது நல்லது. மார்க் பட்டியலில் இல்லாத சங்கதி அவரிடம் இருக்கும். தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை தனியார் வேலைகளுக்கென்றே நடத்தும் இணையதளத்திலும் சிறிய கடைகள் காசில்லாமல் பதிந்துகொள்ளலாம். நாலு பேரோ அதற்கு மேலோ உள்ள கடை, முறைப்படி தொழில் பழகுநராக ஒருவரை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2016-ல் வந்த தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. பல சின்னக் கடைக்காரர்களுக்கு இது தெரிவதே இல்லை.

சொந்தக்காரப் பையனை வைப்பது எளிதான வழி. மச்சான் மகன், சித்தப்பா பேரன் என்று வரிசையில் நிற்பார்கள். வைப்பது தவறில்லை. ஆனால் அவன் லேட்டாக வந்தால் திட்ட முடியாது. திட்டினால் தீபாவளிக்கு வீட்டில் பேச்சு வரும். மற்ற பையன்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆள் கிடைத்த பிறகு பேட்டி என்று ஒன்று நடக்கும். ‘எந்த ஊரு, எங்க வேலை பார்த்த, எவ்வளவு எதிர்பார்க்கிற’ என்ற மூன்று கேள்வியோடு முடியும். இதில் ஒன்றும் தெரியாது. வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் ஒரு பழைய ஸ்ப்ளிட் ஏ.சி.யை இதற்கென்றே மாட்டி வைக்கலாம். அதன் அவுட்டோர் யூனிட்டில் வேண்டுமென்றே பழுதான கெப்பாசிட்டரைப் போட்டு வைக்க வேண்டும். உள்ளே காற்று வரும், கூலிங் வராது. வீட்டுக்காரர்கள் தினமும் சொல்கிற புகார் இதுதான். நல்ல கை உள்ளவர் அவுட்டோரில் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பார். மல்டிமீட்டரை எடுப்பார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அதைத் தொடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் செய்வார். இந்த ஒரு பழக்கம், அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பதையே சொல்லிவிடும்.

எடுத்தவுடன், ‘கேஸ் குறைஞ்சிருக்குண்ணே, ஃபில் பண்ணணும்’ என்றால் அங்கேயே யோசிக்க வேண்டும். ஏ.சி.யில் உள்ள கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புகிறவருக்குத் தொழில் தெரியாது, அல்லது நேர்மை இல்லை. தொழில் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாமவரை எந்தச் சீஸனிலும் சேர்க்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு ஒரு நாள் போகும். அந்த நாளுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். ‘ட்ரெயினிங்தானே’ என்று சும்மா அனுப்புகிற கடைக்கு நல்ல ஆள் திரும்பி வர மாட்டார்.

மறுநாள் சீனியர் மெக்கானிக்கோடு ஒரு வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம். செருப்பை எங்கே விடுகிறார், கட்டில் மேல் ஷீட் விரிக்கிறாரா, தண்ணீர் தெறித்த சுவரைத் துடைக்கிறாரா, அந்த வீட்டுப் பாட்டி கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்கிறாரா? இதையெல்லாம் திரும்பி வந்த சீனியரிடம் கேட்டாலே போதும்.

இன்னொன்று. மூன்றாவது மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டைக் காட்டி, ‘ஏறு தம்பி’ என்றால், ‘பெல்ட் இருக்காண்ணே?’ என்று கேட்கிற பையனைச் சிலர் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அவனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கயிறும் பெல்ட்டும் வாங்கித் தராத கடை, நல்ல பையனைத் தேடுவதற்கு முன் அதை வாங்கட்டும். 10 பேருக்குக் குறைவாக உள்ள கடைக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. வராது. அதனால் விழுந்து அடிபட்டால் அந்தக் குடும்பம் நேராக முதலாளி வீட்டு வாசலில்தான் நிற்கும். பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுக்கு ஒருவருக்கு வருடம் 20 ரூபாய்தான். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அது போதாது என்பது வேறு விஷயம். அதைக்கூடச் சேர வைக்காத கடைகள் உண்டு.

ஆதார், லைசென்ஸ் நகல் வாங்கிக்கொள்வதும், காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பதும் அவசியம். வீட்டுக்காரர் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுவதும், பெரிய முன்பணம் கொடுத்து ‘அதைக் கழிக்கிற வரைக்கும் போகக் கூடாது’ என்பதும் கேவலமான வழிகள். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதைத் தடுக்க 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது.

சம்பளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேஸ் ஃபில்லிங்குக்கும் ஸ்பேருக்கும் கமிஷன் என்று வைத்தால், நேர்மையான பையனும் ஆறு மாதத்தில், ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று சொல்லப் பழகிவிடுவான். சொல்ல வைத்தது முதலாளிதான். சர்வீஸ் செய்த வீட்டிலிருந்து 30 நாளைக்குள் அதே புகார் திரும்பி வராவிட்டால் ஊக்கத்தொகை என்று வைத்துப் பார்த்தால், பையன் கிளம்பும் முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்ப்பான்.

ஐப்பசி மழை வந்ததும் கடை காலியாகிவிடும். ‘மார்ச்ல கூப்பிடுறேன்’ என்று அனுப்பினால், பையன் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விடுவான். அவனுக்கும் வாடகை, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் இருக்கும். மார்ச்சில் அவன் போனை எடுப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் சில கடைகள் மழைக்காலத்தில் வாஷிங்மெஷின், ஃப்ரிட்ஜ் வேலையையும் எடுத்துக்கொள்கின்றன. மீதி நேரத்தில் பழைய பி.சி.பி. போர்டுகளை மேஜையில் போட்டு சீனியர் சொல்லிக்கொடுக்கிறார். வருடாந்திர கான்ட்ராக்ட் உள்ள வீடுகளின் சர்வீஸையும் அந்த மாதங்களுக்கே தள்ளி வைக்கிறார்கள். ஒரு பையனின் நவம்பர் சம்பளத்துக்கு எத்தனை கான்ட்ராக்ட் வேண்டும் என்பதை, அவனை வேலைக்கு எடுக்கும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.