உறைபனியை நம் குழந்தைகள் காணட்டும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளையும் நம் மாணவச் செல்வங்கள் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். பனி என்பது யாது என்று வினவினால், தேக்கா சந்தையில் மீன்களின்மேல் கொட்டியிருக்கும் ஐஸைத்தான் காட்டுவார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 பாகை செல்சியஸ். 2013ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் தீவின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி பெய்தபோது அது பெருஞ்செய்தியாயிற்று.

ஆண்டிறுதி விடுமுறையில் தமிழகம் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. உறவினர் இல்லங்கள், கோயில்கள், துணிக்கடைகள் என நாட்கள் கழிந்துவிடுகின்றன. அவற்றுள் இரண்டு நாட்களை உதகமண்டலத்திற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் செலுத்தி, குளிரூட்டிய அரங்கில் இயந்திரம் தூவும் பனியில் சறுக்குவது நல்ல விளையாட்டுத்தான். ஆனால் பனியைப் பிள்ளைகள் அறிந்துகொண்டார்கள் என்று அதனால் நாம் அமைதி கொள்ளலாகாது.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. ‘விழுகிறது’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது மேலிருந்து விழுவதன்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானிற்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளங்களில் தேங்குகிறது. புல்லின் வெப்பநிலை சுழிக்குக் கீழே இறங்கியதும், காற்றிலுள்ள நீராவி நீராக மாறாமலே நேரே படிகமாகி அதன்மேல் படிகிறது. ஆகவேதான் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் திறந்தவெளி வெளுத்துக் கிடக்க, மரத்தடிப் புல் மட்டும் பசுமையாக இருக்கும். தரையின் வெப்பம் வானிற்குத் தப்பாமல் கிளைகள் மறைத்துக்கொள்கின்றன. இதனைப் பிள்ளைகளே சிந்தித்துக் கூறும்வரை பெற்றோர் சற்றுப் பொறுத்திருப்பது நலம். பூதக்கண்ணாடி ஒன்று கொண்டு சென்றால், உப்புத்தூள் போலத் தோன்றுவது புல்லின் விளிம்பில் ஊசி ஊசியாக நிற்பதைக் காணலாம்.

அதே காலையில் தேயிலைத் தோட்டத்தையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். கொழுந்து இல்லையேல் பறிப்பவர்க்கு வேலையும் குறையும். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்க்கு வேலை அளிக்கும் பொருட்டே, 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. நாம் கண்டு களிக்கும் வெண்மை அத்தகைய குடும்பங்களின் வருவாயைத் தின்பது என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். படம் எடுப்பதற்காகச் செடிகளுக்குள் நுழைந்து மிதிப்பது கூடவே கூடாது.

பயணம் இயலாதவர்கள், வீட்டிலுள்ள பழைய குளிர்பெட்டியின் உட்சுவரில் படியும் வெண்படிகத்தைக் காட்டலாம். அங்கும் நிகழ்வது அதுவே.

செல்பவர்கள் காலை ஆறு மணிக்கே கம்பளி உடுத்தி வெளியே வந்துவிட வேண்டும்; கதிரவன் ஏறினால் எல்லாம் மறைந்துவிடும். முந்தைய இரவு மேகம் கவிந்திருந்தால் உறைபனியே இராது. இரண்டு நாட்கள் என்று நான் கேட்டது அதற்காகவே.